கையெழுத்துப் போட்டதால என் 22 வருஷமும் இல்லாமப் போயிருமா?

கேள்வி
வேடசந்தூர் வள்ளி, 10 செப்டம்பர் 2023

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணோட போன்ல டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல கோன் வைண்டிங்ல, அதாவது நூலைக் கோன்ல சுத்துற பிரிவுல, வேலை பார்த்தேன். மில்லு பேரு வேண்டாம். 2001 பிப்ரவரி 12ஆம் தேதி உள்ள போனேன், அப்ப எனக்கு 18 வயசு. கேம்ப் பிள்ளையாத்தான் போனேன். மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்தா முடிவுல மொத்தமா 30 ஆயிரம் தர்றோம், கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்லி ஊருக்கே வேன் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. சொன்ன மாதிரி தந்தாங்க, அதை மறைக்கக் கூடாது. எங்கப்பா அதுல எனக்கு நாலு பவுன் எடுத்தார். 2004 பிப்ரவரியில என்னைப் பெர்மனென்ட் பண்ணுனாங்க. பக்கத்து ஊருலயே கல்யாணம் ஆச்சு, மில்லு பஸ்ஸுல போய் வந்துக்கிட்டே ரெண்டு பிள்ளையும் பெத்தேன். டோக்கன் நம்பர் 237. வீட்டுக்காரர் கூட சில நாள் "என்ன 237, சோறு ஆச்சா"ன்னு கூப்பிடுவார்.

போன வருஷம் பஞ்சு விலை கேண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சத்தைத் தொட்டதுல இருந்தே மில்லு சரியா ஓடல. செப்டம்பர்ல கரண்ட் சார்ஜும் ஏறுச்சு. மூணு ஷிஃப்ட் ரெண்டாச்சு, அப்புறம் வாரத்துக்கு நாலு நாள்னு ஆச்சு. இந்த வருஷம் மார்ச் 29ஆம் தேதி எங்களைப் பத்துப் பத்துப் பேரா டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. "31ஓட மில்லை மூடுறோம். இதுல கையெழுத்துப் போட்டா செக்கு இன்னைக்கே கையில. போடாதவங்க கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கங்க"ன்னு சொன்னாங்க.

டைப் அடிச்ச ஒரு தாள். எல்லாருக்கும் ஒரே தாள்தான், பேரும் டோக்கன் நம்பரும் மட்டும் பேனாவுல. "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். மில் நிர்வாகத்திடம் எனக்கு இனி எவ்விதப் பாக்கியும் இல்லை." நான் பத்தாவது வரை படிச்சவ, தமிழ் நல்லாவே வாசிப்பேன். "நான் விலகலையே சார், நீங்கதான மூடுறீங்க"ன்னு கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, பின்னாடி ஆள் நிக்குது பாரு"ன்னாங்க. பின்னாடி நிஜமாவே ஆள் நின்னாங்க, ஜோதி நின்னா, அவ வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். ஜூன்ல என் பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். போட்டுட்டேன். மொத்தம் 86 பேர், எல்லாரும் போட்டோம்.

ரெண்டு செக்கு. ஒண்ணு கிராஜுவிட்டி 1,05,450 ரூபா, 19 வருஷக் கணக்கு. இன்னொண்ணு கருணைத் தொகைன்னு 25,000.

சரி, மில்லுதான் ஓடலையே, யாரை நொந்துக்கிறதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு நூறு நாள் வேலைக்குப் போயிட்டிருந்தேன். ஆகஸ்ட்ல பார்த்தா கேட்டைத் திறந்துட்டாங்க! புது முதலாளி, புது போர்டு. உள்ள அதே மெஷினு. பழைய சூப்பர்வைசரே போன் பண்ணி, "வா வள்ளி, ஆள் எடுக்கிறாங்க, நாளுக்கு 410, கான்ட்ராக்ட்ல"ன்னார். நான் கடைசியா வாங்கினது நாளுக்கு 480. "என் பழைய சர்வீஸு?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் பழைய முதலாளியோட போச்சு, இப்ப நீ புது ஆளு"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. காசு குறைஞ்சதை விட அந்த "புது ஆளு"ங்கிற வார்த்தைதான் நெஞ்சுல நிக்குது. 22 வருஷம் அந்த ட்ரம்முகளுக்கு நடுவுல நடந்து என் முழங்கால் போச்சு. போர்டு மாத்துனதும் நான் எப்படிப் புது ஆளாவேன்?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்கு வர வேண்டியது இவ்வளவுதானா? அந்தத் தாளுல கையெழுத்துப் போட்டதால எல்லாம் முடிஞ்சுதா? இப்ப இந்த 410 ரூபா வேலைக்குப் போனா, கேக்குற உரிமையும் போயிருமா?


பதில் 1
உள்ளதைச் சொல்கிறேன், 10 செப்டம்பர் 2023

கையெழுத்துப் போட்டுப் பணமும் வாங்கியாயிற்று. கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்தால் இருப்பதும் கரையும். அந்த வேலைக்குப் போய்ப் பிழைப்பைப் பாருங்கள்.


பதில் 2
பஞ்சாலைத் தோழர், 11 செப்டம்பர் 2023

தங்கச்சி, மேலே சொன்னதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். நான் கோவையில் 31 ஆண்டு ரிங் ஃப்ரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், சைடராக (மெஷினைக் கவனித்து அறுந்த நூலைச் சேர்ப்பவராக) இருந்தவன். சங்க வேலையாக எத்தனையோ மில் மூடியதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளில் "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ஏன் எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எல்லாக் கணக்கும் அதற்குள் இருக்கிறது. மில்லை மூடினால், தொழில் தகராறு சட்டத்தின் 25 எஃப்.எஃப்.எஃப். பிரிவுப்படி ஒவ்வொரு ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு தர வேண்டும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் தர வேண்டும். மூடாமல் இன்னொருவருக்கு விற்றால் 25 எஃப்.எஃப். பிரிவு, தொகை அதே கணக்கு. தானாக விலகினவருக்கு மட்டும் இது கிடையாது. உங்களை "விலகியவர்" ஆக்கிவிட்டால் இழப்பீடு என்ற தலைப்பே கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. உங்களுக்குத் தந்தது கிராஜுவிட்டி. அது நீங்கள் நேற்று வரை உழைத்ததற்கு, மில் மூடாவிட்டாலும் வரவேண்டிய பணம். மூடியதற்கான இழப்பீடு வேறு. இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

பழைய சம்பளச் சீட்டு இருக்கிறதா? அடிப்படையும் பஞ்சப்படியும் தனியாக, மற்றப் படிகள் தனியாகச் சொல்லுங்கள், கணக்குப் போடலாம்.


வேடசந்தூர் வள்ளி, 11 செப்டம்பர் 2023

இருக்குதுண்ணே. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 9,620. வாடகைப்படியும் மத்த படியும் 2,860. மொத்தம் 12,480.


பஞ்சாலைத் தோழர், 12 செப்டம்பர் 2023

கிராஜுவிட்டிக்கு 9,620 ஐ 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 5,550. பத்தொன்பது ஆண்டுக்கு 1,05,450. மில் போட்ட கணக்கு அந்த மட்டில் சரி. 22 ஆண்டுக்கு என்றால் 1,22,100.

மூடல் இழப்பீட்டுக்குப் படிகளும் சேரும், மூன்று மாதச் சராசரி எடுப்பார்கள். 12,480 இல் பாதி, அதாவது 15 நாளுக்கு, 6,240. 22 ஆண்டுக்கு 1,37,280. நோட்டீஸ் சம்பளம் 12,480. எல்லாம் கூட்டினால் 2,71,860. உங்கள் கையில் வந்தது 1,30,450. மீதி 1,41,410 ரூபாய். நான்கு நாள் ஓடுகிற மில்லில் அந்தச் சராசரி குறைத்துக் காட்டப்படும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், லே ஆஃப் (வேலை தராத நாள்) ஊதியம் கொடுத்த சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த முதல் மூன்று ஆண்டுதான் சண்டைக்குரியது. உங்களைப் "பழகுநர்" என்று பதிவு செய்திருப்பார்கள். கிராஜுவிட்டிச் சட்டம் பழகுநரை வெளியே நிறுத்துகிறது. ஆனால் தொழில் தகராறு சட்டத்தில் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் பழகுநரும் அடக்கம், அந்த வரையறையிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே மூடல் இழப்பீட்டில் அந்த மூன்றையும் கேட்க வழி இருக்கிறது. கிராஜுவிட்டியிலும், பெயருக்குப் பழகுநராக வைத்து முழு உற்பத்தி வாங்கினார்கள் என்று காட்டினால் வாதாடலாம். 2001 இல் நீங்கள் உள்ளே இருந்ததற்கு ஏதாவது சான்று இருக்கிறதா என்று பெட்டியைத் துழாவுங்கள்.

பஞ்சு விலை ஏறியதால் மூடினோம், அதனால் குறைத்துத் தருகிறோம் என்று சொன்னால் நம்பாதீர்கள். முதலாளியின் கைமீறிய காரணத்தால் மூடினால் இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. ஆனால் நட்டம், பணமுடை, விற்காத சரக்கு தேங்கியது, இவை மட்டும் கைமீறிய காரணம் ஆகா என்றும் அதே பிரிவில் விளக்கம் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. மொத்தம் எத்தனை பேர் வேலை செய்தீர்கள்? 86 பெர்மனென்ட் என்கிறீர்கள். கேம்ப் பிள்ளைகள், வடநாட்டுப் பிள்ளைகள் கணக்கில் வந்தார்களா? நூறு பேர் இருந்தால் அரசின் முன் அனுமதி இல்லாமல் மூடவே கூடாது. ஐம்பதோ அதற்கு மேலோ என்றால் 60 நாள் முன்னதாக அரசுக்கு நோட்டீஸ் தர வேண்டும். எல்லோரும் "தானாகவே விலகிவிட்டால்" அந்த நோட்டீஸும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். 86 பேருக்கு ஒரே நாளில், ஒரே வாசகத்தில், சொந்த விருப்பம் எப்படி வரும்? இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முதலில் வைக்க வேண்டும்.

வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். சேவை முறியாமல், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல், பழைய ஆண்டுகளையும் சேர்த்து ஒப்புக்கொண்டு புது முதலாளி எடுத்திருந்தால்தான் பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. உங்களுக்கு நான்கு மாதம் முறிந்தது, கூலி 70 ரூபாய் குறைந்தது, பழைய ஆண்டை ஏற்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். மூன்றும் இல்லை. வேலைக்குச் சேரும்போது பழைய பாக்கி பற்றி எந்தத் தாளிலும் மறுபடி கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, முக்கியமான ஒரு வேலை. மில் நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையத்திலேயே கிடைக்கும். விற்பனை ஒப்பந்தம் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

போர்டு மாறியதும் எப்படிப் புது ஆளாவேன் என்று கேட்டதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வே என்று ஒரு தனியார் ரயில் இருந்தது. 1954 ஜனவரி 1 முதல் அதை அரசு எடுத்துக்கொண்டது. பழைய கம்பெனி ஆட்களை நீக்கியது, பெரும்பாலானவர்களை அரசு புதிதாகச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓடுகிற தொழிலில் மிகுதியான ஆளைக் குறைப்பதுதான் ஆட்குறைப்பு, தொழிலையே மூடினாலோ கைமாற்றினாலோ அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1956 நவம்பர் 27 இல் தீர்ப்பு வந்தது. நாடெங்கும் தொழிலாளர்கள் கொதித்த பிறகு 1957 இல் நாடாளுமன்றம் நான் மேலே சொன்ன இரண்டு பிரிவுகளையும் சேர்த்தது. எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று போட்டார்கள் தெரியுமா? 1956 நவம்பர் 28. தீர்ப்புக்கு மறுநாள். வழக்குப் போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவர்களால் உங்களுக்கும் எனக்கும் கிடைத்தது. நான் இதை ஒவ்வொரு கேட் கூட்டத்திலும் சொல்வேன்.


பதில் 3
முன்னாள் மில்காரர், 13 செப்டம்பர் 2023

அம்மா, நான் மறுபக்கத்தில் இருந்தவன். ராஜபாளையம் பக்கம் நானும் என் அண்ணனும் 6,000 கதிர் (ஸ்பிண்டில்) கொண்ட மில் ஓட்டினோம். 2015 இல் மூடினோம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தோழர் சொன்ன சட்டம் சரி. முதலாளி ஏன் தருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அது உங்களுக்குப் பேச்சுவார்த்தையில் உதவும். மில் மூடுகிற அன்று கையில் காசு இருக்காது. நிலமும் மெஷினும் பேங்கில் அடமானம். பஞ்சு வியாபாரி வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பழைய ரிங் ஃப்ரேமை விற்கப் போனால் இரும்பு எடைக்குக் கேட்பார்கள். வாங்க வருகிறவர் முதல் நிபந்தனையாகச் சொல்வது, "ஆட்கள் கணக்கை முடித்துக் காலியாகக் கொடு." எங்களிடமும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தத் தாள் எங்கள் ஆடிட்டர் மேசையிலும் தயாராக இருந்தது.

நாங்கள் அதைக் கொடுக்கவில்லை. என் அண்ணன் மறுத்துவிட்டார். பெரியகுளத்தில் இருந்த தோப்பை விற்று, 54 பேருக்கு மூடல் இழப்பீடும் கிராஜுவிட்டியும் தனித்தனி செக்காகக் கொடுத்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. தோப்பு இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. தொழிலாளியின் 22 வருடப் பணம் முதலாளியிடம் தோப்பு இருக்கிறதா, அண்ணன் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. மில் ஓடுகிற காலத்திலேயே மாதாமாதம் ஒதுக்கி வெளியே வைத்திருக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு எல்.ஐ.சி.யில் குழுத் திட்டம் இருக்கிறது, நாங்கள் 1998 முதல் கட்டினோம், அது அப்படியே வந்தது. மூடல் இழப்பீட்டுக்கு அப்படி ஒதுக்கி வைக்க எங்களை யாரும் கேட்டதில்லை. நல்ல வருடங்களில் நாங்களாகவும் செய்யவில்லை. 2010 இல் நூல் விலை ஏறியபோது புது மெஷின் வாங்கினோம்.

உங்கள் பழைய முதலாளி தனிநபரா, கூட்டு வியாபாரமா, பங்குகள் உள்ள கம்பெனியா என்று பாருங்கள். கம்பெனியின் பங்குகளை மட்டும் விற்றிருந்தால் சட்டப்படி முதலாளி மாறவே இல்லை, அதே கம்பெனி, உங்கள் சேவை முறியாமல் தொடர வேண்டும். நிலம், மெஷினை விற்றிருந்தால்தான் இந்தக் கைமாற்றப் பேச்சு. திவால் நடவடிக்கைக்குப் போகும் முன் கேட்டுவிடுங்கள். போய்விட்டால் கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி அடமானக் கடன்காரருக்குச் சமமாக வரிசையில் நிற்கும் என்று சட்டம் சொன்னாலும், கைக்கு வர வருடக்கணக்கில் ஆகும்.


பதில் 4
வவுனியா சுதா, 15 செப்டம்பர் 2023

வள்ளி அக்கா, நான் இலங்கையில இருந்து எழுதுறன். கட்டுநாயக்காவில ஒரு ஆடைத் தொழிற்சாலையில 9 வருசம் தையல் மெசினில இருந்தனான். எங்கட கொம்பனியும் மூடினது.

உங்கட 15 நாள் கணக்கை வாசிக்க எனக்கு நம்ப ஏலாமல் இருந்தது. இஞ்ச 1971 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கச் சட்டம் எண்டு இருக்கு. 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில, தொழில் ஆணையாளரின்ர அனுமதி, இல்லையெண்டால் தொழிலாளியின்ர எழுத்து மூலச் சம்மதம், இந்த ரெண்டில ஒண்டு இல்லாமல் நிப்பாட்ட ஏலாது. நட்டஈட்டுக் கணக்கை 2005 இல வர்த்தமானியில (அரச இதழில) போட்டவை. முதல் 5 வருசத்துக்கு வருசத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 இல இருந்து 14 வரைக்கும் இரண்டு மாதம். 15 இல இருந்து 19 வரைக்கும் ஒண்டரை. 20 இல இருந்து 24 வரைக்கும் ஒரு மாதம். உங்கட 22 வருசத்துக்கு நான் கூட்டிப் பாத்தன், 41 மாதச் சம்பளம் வருது. உங்கட சட்டத்தில 11 மாதம். இஞ்சயும் உச்ச வரம்பு இருக்கு, முந்தி பன்னிரண்டரை இலட்சம், 2021 இல 25 இலட்சமாக்கினவை.

எண்டாலும் அக்கா, நல்ல சட்டம் இருந்தும் எங்களுக்கு முழுசாக் கிடைக்கேல்லை. அந்த "எழுத்து மூலச் சம்மதம்" எண்ட வாசல் வழியாத்தான் எங்களையும் வெளியில அனுப்பினவை. தாங்களா விரும்பி விலகுற திட்டம் எண்டு ஒரு படிவம். நானும் கையெழுத்து வைச்சனான். உங்கட டைம் ஒபிசில நடந்ததை வாசிக்கேக்க எனக்கு அந்த நாள் அப்படியே கண்ணுக்கு முன்னால வந்தது. நான் திருப்பிக் கேக்கேல்லை. நீங்கள் கேளுங்கோ அக்கா.


வேடசந்தூர் வள்ளி, 2 அக்டோபர் 2023

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். சுதா, உன் எழுத்தை ஜோதிக்கு வாசிச்சுக் காட்டுனேன், ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

வில்லங்கச் சான்று எடுத்துட்டோம். என் பொண்ணுதான் காலேஜ் கம்ப்யூட்டர்ல எடுத்தா. கிரய ஒப்பந்தம் பதிவான தேதி 2023 பிப்ரவரி 20. எங்க கிட்ட கையெழுத்து வாங்கினது மார்ச் 29. மூடுறோம் மூடுறோம்னு எங்க கிட்டச் சொன்னப்பவே வித்தாச்சு. மெஷினோட சேர்த்து, ஓடுற மில்லாத்தான் வித்திருக்காங்க. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்குச்சு. அன்னைக்கு "ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னு சொன்னவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

பெட்டியைத் துழாவச் சொன்னீங்களே தோழர் அண்ணே. கல்யாணப் பட்டுச்சேலைக்கு அடியில கேம்ப் காலத்து அடையாள அட்டை கிடைச்சுது. ரெட்டைச் சடை போட்டு எடுத்த போட்டோ. சேர்ந்த தேதி 12.2.2001, பிரிவு: கோன் வைண்டிங். பயிற்சின்னு அதுல எங்கயும் இல்ல.

நான் வீடு வீடாப் போனேன். 86 பேர்ல 41 பேர் மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. மத்தவங்க புது மில்லுல வேலை போயிரும்னு பயப்படுறாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. திண்டுக்கல்லுல தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீஸ்ல குடுத்துட்டோம். நானும் புது மில்லுக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். புது டோக்கன் நம்பர் 14.


வேடசந்தூர் வள்ளி, 18 பிப்ரவரி 2024

கேட்டவங்களுக்காக எழுதுறேன். ஆறு தடவை பேச்சுவார்த்தை நடந்துச்சு. முதல் ரெண்டு தடவை பழைய முதலாளி பக்கம் யாருமே வரல. மூணாவது தடவை வக்கீல் வந்து, எல்லாரும் விரும்பி விலகினாங்கன்னார். நான் வில்லங்கச் சான்றையும் 41 பேரோட ஒரே மாதிரித் தாளையும் மேசையில வரிசையா அடுக்கினேன். ஆபீசர் அம்மா ஒண்ணும் பேசாம ஒவ்வொண்ணா எடுத்து வாசிச்சாங்க. அப்புறம் வக்கீலைப் பார்த்து, "இதுல எந்த வார்த்தை யாரோட விருப்பம்?"னு கேட்டாங்க. அந்த அம்மா நல்லா இருக்கணும்.

போன வாரம் 12(3) ஒப்பந்தம் போட்டாச்சு. தோழர் அண்ணன் தான் தெளிவாச் சொன்னார், தனியாப் பேசி 18(1) போட்டா கையெழுத்துப் போட்டவங்களுக்கு மட்டும்தான் செல்லும், சமரச அலுவலர் முன்னாடி 12(3) போட்டா பயந்து ஒதுங்குன 45 பேருக்கும் செல்லும்னு. அதுக்காகவே ரெண்டு மாசம் கூடுதலா இழுத்துச்சு, பரவால்ல. 19 வருஷத்துக்கு மூடல் இழப்பீடு 1,18,560, நோட்டீஸ் சம்பளம் 12,480. குடுத்த கருணைத் தொகை 25,000ஐக் கழிச்சுக்கிட்டாங்க. எனக்கு 1,06,040 ரூபா, மூணு தவணை. முதல் தவணை வெள்ளிக்கிழமை பேங்க்ல ஏறிருச்சு. ஜோதி அன்னைக்கே ஆஸ்பத்திரிப் பாக்கியைக் கட்டிட்டா.

முதல் மூணு வருஷத்துக்கு ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. "அது ட்ரெயினிங், மொத்தமாப் பணம் வாங்கிட்டாங்க"ன்னு ஒரே பிடி. ஒப்பந்தத்துல "அந்தக் காலம் குறித்த கோரிக்கை தனியே விடப்படுகிறது"ன்னு எழுத வச்சோம். கேம்ப் வழியா வந்தவங்க நாங்க 17 பேர். எனக்கு அது 35,370 ரூபா. வீட்டுக்காரர் "விடு, இவ்வளவு வந்துச்சே"ங்கிறார். 18 வயசுல இருந்து 21 வரைக்கும் பொங்கலுக்கும் ஆடி 18க்கும் மட்டும் வீட்டுக்கு வந்தவ நான். ஆயா செத்ததுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் என்னை அனுப்புனாங்க. அந்த மூணு வருஷம் வேலையே இல்லைன்னு ஒரு தாளுல எழுதி முடிக்க என்னால முடியாது. 17 பேரும் லேபர் கோர்ட்டுக்குப் போறோம்.


பஞ்சாலைத் தோழர், 7 டிசம்பர் 2025

இந்தத் திரியை இப்போதும் பலர் தேடி வந்து படிக்கிறார்கள் என்பதால் ஒரு குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மேலே நான் எழுதிய பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை. மூடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 இலிருந்து 300 ஆகிவிட்டது. நமது பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் எத்தனையில் 300 பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள்? நீக்கப்பட்டவர் தனியாக வழக்குக்குப் போக 3 ஆண்டு அவகாசம் இருந்தது, 2 ஆண்டாகிவிட்டது, தாமதிக்காதீர்கள். ஆட்குறைப்பு ஆனவர்களுக்கு மறுதிறன் நிதி என்று 15 நாள் சம்பளம் கூடுதலாக வர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டுக்கு 15 நாள் என்ற இழப்பீட்டு அளவு மட்டும் மாறவில்லை. அரசு அறிவித்தால் கூட்டலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். 1953 இல் ஆட்குறைப்புக்கு வைத்த அளவு இது. ஒன்றாக நின்றால் இதைத் தாண்டலாம் என்பதற்கு மறைமலைநகர் இருக்கிறது. ஃபோர்டு ஆலை 2022 இல் மூடியபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, மாதக்கணக்கில் பேசி, ஆண்டுக்கு நூறு நாளுக்கும் மேற்பட்ட சம்பளம் வாங்கினார்கள். சங்கமில்லாத சிறு மில்லில் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் சட்டத்தில் இருக்கும் குறைந்தபட்ச அளவே உயர வேண்டும் என்று இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி, வழக்கு எங்கே நிற்கிறது?


வேடசந்தூர் வள்ளி, 9 டிசம்பர் 2025

அண்ணே, போன மாசம் என்னைக் கூண்டுல ஏத்துனாங்க. அவங்க வக்கீல், "அப்ப நீங்க வேலை கத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"ன்னு கேட்டார். "முதல் மூணு வாரம் கத்துக்கிட்டேன் சார்"னேன். "நாலாவது வாரத்துல இருந்து 20 ட்ரம் நான் ஒருத்தியாத்தான் பார்த்தேன். அறுந்த நூலைச் சேர்க்க யாரும் வரல"ன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.

பழைய சூப்பர்வைசர் ரிட்டயர் ஆயிட்டார். எங்களுக்காகச் சாட்சி சொல்ல வர்றேன்னு அவரா போன் பண்ணுனார். அடுத்த வாய்தா ஜனவரி 22. அடையாள அட்டையோட ஒரிஜினலைக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.